உள்ளிருந்து பூட்டும் கதவு

மதுரை
9 ஜனவரி 2025

சேவுகப்பெருமாள் சாருக்கு,

என் பெயர் ரேணுகா. காரைக்குடி செக்காலையில் இருக்கும் அழகுசுந்தரத்தின் மகள். உங்கள் டிசைன் கல்லூரிப் பிள்ளைகள் போன வருஷம் வந்துபோன வீடு அது. நான் சிங்கப்பூரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் அப்பா பாத்ரூமுக்குள் விழுந்துவிட்டார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். அந்தத் தாழ்ப்பாளைச் செய்து கதவில் மாட்டியது உங்கள் மாணவி ராஜப்ரியா. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் சின்னத்தாயி கதவைத் திறக்க முடியாமல் தெருவுக்கு ஓடியிருக்கிறாள். ஆட்கள் வந்து கதவின் கீழ்ப்பலகையைப் பெயர்த்து, அந்தச் சந்து வழியாகத்தான் அவரை வெளியே இழுத்திருக்கிறார்கள். இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது மயக்கம் தெளியாமல் என்னை என் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது.

அந்தக் கதவில் முன்பு இருந்த தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னவள் நான். அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கம் மட்டுமில்லை, நடக்கும்போது கால் திடீரென்று தரையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை வழுக்கினார். அப்போதே தச்சரை வரச்சொல்லி எடுக்கவைத்தேன். யோசித்துத்தான் செய்தேன். என் வார்டில் விழுந்துவிடுகிற ஆபத்து உள்ளவர்களை உள்ளே பூட்டிக்கொள்ள விடமாட்டோம்.

அதை உங்கள் மாணவி வந்து திரும்ப மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

போனில் கூப்பிடாதீர்கள். பேசினால் கத்துவேன், இங்கே நோயாளிகள் இருக்கிறார்கள். வீட்டுக்கும் வரவேண்டாம். என்ன சொல்வதென்றாலும் எழுதி அனுப்புங்கள். ஒரே ஒரு கேள்விதான். என் அப்பாவை வைத்துப் பாடம் நடத்த உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

ரேணுகா

*

காரைக்குடி
13 ஜனவரி 2025

மதிப்புக்குரிய ரேணுகா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பா விழுந்த செய்தியை அதற்கு முன்பே ராஜப்ரியா எனக்கு அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவன், குடும்பத்தார் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ என்ற தயக்கத்தில் நின்றுவிட்டேன். அவர் நல்லபடியாக எழுந்து நடக்கவேண்டும். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: அனுமதி கொடுத்தவர் உங்கள் அப்பா. அவருக்குக் கைதான் நடுங்குகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. ரயில்வேயில் முப்பது வருஷம் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். என் மாணவர்களையே நான்கு கேள்வி கேட்டுத் திணறடித்த பிறகுதான் சரி என்றார்.

நடந்ததை நீங்கள் முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இருபது வருஷம் கோயம்புத்தூரில் மிக்ஸியும் கிரைண்டரும் வடிவமைத்தவன். பிறகுதான் கற்பிக்க வந்தேன். பொருளை வரைவதற்கு முன்னால் அதைப் பயன்படுத்தப்போகிறவரோடு இருந்து பார்க்கவேண்டும், அவருடைய சிக்கல் இன்னதென்று நாமே முடிவுகட்டிக்கொண்டு போகக்கூடாது. டிசைன் திங்கிங் என்று நாங்கள் சொல்வதில் பாதி இதுதான். மூன்றாம் வருஷ மாணவர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக்கு வந்த நால்வரும் முதல் வாரமே முடிவுக்கு வந்துவிட்டார்கள்: ஐயாவுக்குக் காபி டம்ளர் சிந்துகிறது, சிந்தாத டம்ளர் செய்யலாம். அழகாக வரைந்தும் காட்டினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பப் போகச்சொன்னேன்.

ராஜப்ரியாதான் ஒன்றைக் கவனித்தாள். அவர் பாத்ரூமுக்குள் போனதும் இருமத் தொடங்குவார். வெளியே வரும்வரை விட்டுவிட்டு இருமிக்கொண்டே இருப்பார். வந்ததும் இருமல் நின்றுவிடும். "சளியா தாத்தா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் உடனே சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது தானாகவே சொன்னாராம்: "கதவுல தாழ்ப்பா இல்லத்தா. உள்ள ஆள் இருக்குன்னு நாந்தான் சத்தம் குடுத்துக்கிட்டே இருக்கணும். சின்னத்தாயி பொம்பளப்பிள்ள. தெரியாம வந்துட்டா அவளும் கூசிப்போவா, நானும் கூசிப்போவேன்."

இதைக் கேட்ட பிறகு டம்ளர் செய்யச்சொல்ல என்னால் முடியவில்லை.

அந்தத் தாழ்ப்பாள் முழங்கையால் தள்ளினாலே போடவும் திறக்கவும் முடிகிற பெரிய மரப்பிடி கொண்டது. வெளிப்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. அதில் ஸ்பூன் நுனியை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். எங்கள் பட்டறையில் என் கண் முன்னால் நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடிப் பார்த்தோம், ஒருதடவைகூடச் சிக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன். அதை நான் ஒருமுறை பார்க்கவேண்டும். எங்கே சிக்கியது என்று தெரியாமல் இருக்கமுடியவில்லை.

சேவுகப்பெருமாள்

*

காரைக்குடி
29 ஜனவரி 2025

சாருக்கு,

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடக்கிறார். அதற்குமேல் முடியவில்லை. ஒரு பக்கம் நான், மறுபக்கம் சின்னத்தாயி.

உங்கள் தாழ்ப்பாளை நீங்கள் பார்க்கமுடியாது. வந்த அன்றைக்கே சுத்தியலால் தட்டிப் பெயர்த்தேன். துண்டுகள் குப்பை வண்டியில் போய்விட்டன. சின்னத்தாயி, "கதவு தொறக்கல பாப்பா, என்னமா தள்ளியும் தொறக்கல" என்று சொல்லி அழுகிறாள். எனக்கு அது போதும். உங்கள் பட்டறையில் எத்தனை தடவை திறந்தால் எனக்கென்ன?

அவர்தான் கேட்டார் என்கிறீர்கள். என் வார்டில் கேட்காதவர்கள் யார்? ஊசி வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன், கட்டிலின் கம்பியை இறக்கிவிடு என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். கேட்டதையெல்லாம் செய்தால் நான் நர்ஸ் இல்லை. நீங்கள் மட்டும் எப்படி வாத்தியார்?

உங்கள் பிள்ளைகள் எங்கள் சுவரில் வண்ணச் சீட்டுகள் ஒட்டினார்களாமே. மஞ்சளில் அப்பா சொன்னது, நீலத்தில் அப்பா நினைப்பது, சிவப்பில் அப்பாவின் வேதனை. சின்னத்தாயி சொன்னாள். என் அப்பாவின் வேதனையைச் சிவப்புச் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஒன்று சொல்கிறேன், இதற்குப் பதில் எழுதவேண்டாம். நான் தினமும் அவரைக் கூப்பிடுகிறேன். டியூட்டி எதுவாக இருந்தாலும் கூப்பிடாமல் இருந்ததில்லை. "சாப்பிட்டீகளாப்பா? மாத்திரை போட்டீகளா? வெளிய தனியாப் போகலையே?" எல்லாவற்றுக்கும் சரி சரி என்பார். தாழ்ப்பாள் இல்லாமல் கூசிப்போகிறது என்பதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆறேழு தடவை வந்துபோன ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் அந்த இடத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன், மேலே படிக்க இரண்டு நாள் ஆனது.

உங்கள் முதல்வருக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். மாணவர்கள் இனி யார் வீட்டுக்குள்ளும் நுழையக்கூடாது என்று கேட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரேணுகா

*

காரைக்குடி
12 பிப்ரவரி 2025

மதிப்புக்குரிய ரேணுகா அவர்களுக்கு,

பதில் எழுதவேண்டாம் என்றீர்கள். மீறி எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப்போட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது, அதை மட்டுமாவது படியுங்கள்.

உங்கள் புகாருக்குப் பிறகு முதல்வர் உத்தரவு போட்டுவிட்டார். வீடுகளுக்குப் போவது நிறுத்தம். இனி வகுப்பிலேயே ஒரு முதியவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அவருக்கு ஒரு பெயர், வயது, நோய், ஒரு படம். அவரை வைத்துப் பாடத்தை நடத்தவேண்டும். நான் அதை எதிர்த்து வாதாடவில்லை. உங்கள் அப்பா கட்டிலில் இருக்கும்போது வாதாட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த வகுப்பை எடுக்கும்போது மனம் ஒட்டவில்லை. கற்பனை முதியவர் மாணவர்கள் எதிர்பார்க்கும் பதிலைத்தான் சொல்வார். பாத்ரூமில் இருமமாட்டார்.

ராஜப்ரியா கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காளையார்கோவில் பக்கம் அவள் வீடு. போனேன். அவளுடைய அப்பா வயலிலிருந்து வந்தவர் என்னை உட்காரச்சொல்லிவிட்டு, "பிள்ள சாப்பிட மாட்டேங்குது சார். என்ன தப்பு செஞ்சுச்சுன்னு நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார். அவள் உள்ளே நின்றுகொண்டே பேசினாள். "நான் கேக்காம இருந்திருந்தா தாத்தா நல்லா இருந்திருப்பாக சார். டம்ளரே செஞ்சிருக்கலாம். டம்ளர் யாரையும் கீழ தள்ளாது."

வேறு துறைக்கு மாறிவிடுகிறேன் என்றாள். போவதென்றால் போ, ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போ என்றேன். அது அவளுக்காக மட்டும் சொன்னதில்லை. இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தாள்.

தாழ்ப்பாள் போய்விட்டது. ஆனால் அதை மாட்டும்போது அவள் எடுத்த அளவுகள் இருந்தன. பட்டறையில் ப்ளைவுட்டால் உங்கள் பாத்ரூமை அதே அளவில் கட்டினோம். அதே அகலக் கதவு, அதே மாதிரி இன்னொரு தாழ்ப்பாள், கழிப்பறைக் கோப்பை இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டூல். ராஜப்ரியா உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, விழுந்தவர்போலக் கீழே படுத்தாள். அவ்வளவு சின்ன இடத்தில் ஒருவர் விழுந்தால் எங்கே கிடப்பார்? கதவோடு ஒட்டித்தான். வெளியிலிருந்து ஒரு மாணவன் ஸ்பூனை வைத்துத் திருப்பினான். தாழ்ப்பாள் உடனே திறந்தது. கதவு திறக்கவில்லை. அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு, அவள் முதுகில் இடித்து நின்றது. அவன் பலமாகத் தள்ளினான். உள்ளேயிருந்து, "தள்ளாத, தள்ளாத" என்று கத்தினாள். அவள் எழுந்து வந்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நூற்றுக்கணக்கான தடவை சோதித்தோம் என்று உங்களுக்குப் பெருமையாக எழுதியிருந்தேன். அந்தச் சோதனை எதிலும் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை. மேஜைமேல் ஒரு பலகையில் தாழ்ப்பாளை மாட்டிவைத்துத் திறந்து மூடியிருக்கிறோம். அதற்குச் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான், அவள் இல்லை. உங்கள் அப்பா விழுந்தால் முதலில் ஓடிவரப்போவது சின்னத்தாயி. சின்னத்தாயியிடம் நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உங்களையும் கேட்கவில்லை.

இவ்வளவும் அனுமானம். அளவுகளை எடுத்தபோது கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை ராஜப்ரியா குறிக்கவில்லை. உள்பக்கம் என்று ஞாபகம், உறுதியில்லை என்கிறாள். என் கேள்வி இதுதான். உங்கள் வீட்டுப் பாத்ரூம் கதவு எந்தப் பக்கமாகத் திறக்கிறது?

சேவுகப்பெருமாள்

*

காரைக்குடி
25 பிப்ரவரி 2025

சாருக்கு,

உள்பக்கமாக.

உங்கள் கடிதம் நாலைந்து நாள் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. பிறகு ஒரு மத்தியானம் பிரித்தேன். படித்து முடித்ததும் எழுந்து போய்க் கதவைப் பார்த்தேன். ஒரு மாதமாகத் தினமும் பத்துத் தடவை திறக்கிற கதவு. என் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பாத்ரூம் கதவு எல்லாமே வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். ஏன் என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதே நான் சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணித் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன், கதவைப் பற்றி யோசிக்கவில்லை. தாழ்ப்பாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.

சின்னத்தாயியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "அன்னைக்கு என்ன நடந்துச்சு? மறைக்காமச் சொல்லு" என்றேன். முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"தாழ்ப்பா தொறந்துருச்சு பாப்பா. அந்தப் பிள்ள காட்டிக்குடுத்த மாதிரி ஸ்பூன வச்சுத் திருப்புனேன், டக்குனு தொறந்துருச்சு. ஐயா கதவுக்குப் பின்னாடி கெடந்தாக. எனக்குத் தெரியல. கதவு இறுகிருக்குன்னு நெனச்சு தோள வச்சு இடிச்சேன். அப்பத்தான் ஐயா அலறுனாக. எலும்பு விழுந்ததுல ஒடஞ்சுச்சா நான் இடிச்சதுல ஒடஞ்சுச்சான்னு தெரியாம நான் தெனமும் சாகுறேன்."

விழுந்ததில்தான் உடைந்தது என்று சொன்னேன். இந்த வயசில் அப்படித்தான் உடையும். எக்ஸ்ரேயைப் பார்த்தவள் நான், பொய் சொல்லவில்லை. அவள் நம்பினாளா தெரியாது. ஆனால் அன்று ராத்திரி தட்டில் போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

இன்னொன்றும் நடந்தது. அதையும் உங்களிடம் சொல்லாமல் முடியாது.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூத்திரத்தில் கிருமி. போன வாரம் முழுக்க ஊசி. தண்ணீர் போதவில்லை என்றார் டாக்டர். நான் பக்கத்திலேயே இருந்து செம்பு செம்பாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னல் வழியாகச் செடிக்கு ஊற்றியிருக்கிறார். நானே பார்த்துவிட்டேன்.

"ஏம்ப்பா தண்ணி குடிக்க மாட்டேங்கிறீக?"

செம்பைக் கட்டிலோரம் வைத்தார். திரும்பக் கேட்டேன்.

"குடிச்சா போகணும். போனா நீ நிப்ப. இல்லாட்டி அவ நிப்பா."

"நான் நர்ஸுப்பா. தெனமும் எத்தனையோ பேருக்குச் செய்யிறேன்."

"அவுகளுக்கு நீ மகள் இல்லையேத்தா."

செம்பைத் திரும்ப நிரப்பிவைத்தேன். பிறகு கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னீக. எங்கிட்ட ஏன் சொல்லல?"

கோபமாகச் சொல்லவில்லை. "நீ சாப்பிட்டாச்சான்னு கேட்ட, சாப்பிட்டேன்னு சொன்னேன். மாத்திர போட்டாச்சான்னு கேட்ட, போட்டேன்னு சொன்னேன். அந்தப் பிள்ள ஏன் இருமுறீகன்னு கேட்டுச்சு."

சார், நான் கழற்றச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. மறுபடி அதே நிலை வந்தால் மறுபடி பயப்படுவேன். ஆனால் தண்ணீர் குடிக்காமல் அவர் செத்துப்போவதை நான் பார்த்துக்கொண்டு இருக்கமுடியாது. பங்குனி முடிவதற்குள் நான் வேலைக்குத் திரும்பவேண்டும்.

ராஜப்ரியாவை அனுப்புங்கள். நீங்கள் வரவேண்டாம், உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவள் வரட்டும். சின்னத்தாயியும் உட்காருவாள், நானும் உட்காருவேன். வண்ணச் சீட்டு வேண்டாம்.

ரேணுகா

*

காரைக்குடி
22 மார்ச் 2025

மதிப்புக்குரிய ரேணுகா அவர்களுக்கு,

நான் வராததால் அங்கே நடந்ததையெல்லாம் ராஜப்ரியா வாயிலாகத்தான் கேட்டேன். முதல் நாள் உங்கள் வாசலில் பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பிப் போக இருந்தாளாம். சின்னத்தாயி பார்த்துவிட்டு, "உள்ள வா, ஐயா ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டு இருக்காக" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாராம்.

நீங்கள் மூன்று பேரும் போட்ட சண்டையை அவள் விவரமாகச் சொன்னாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளேயிருந்து குரல் கொடுக்கவேண்டும் என்று நீங்கள் சொன்னதும், "அப்ப தாழ்ப்பா எதுக்கு?" என்று ஐயா கேட்டதும், நேரமானால் சின்னத்தாயி ஒருமுறை தட்டலாம், தான் வாக்கரால் தரையில் தட்டிப் பதில் சொல்வேன் என்று அவரே இறங்கிவந்ததும். இத்தனை வருஷ வகுப்பில் இதை நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமான பயம் இருக்கும்போது எல்லாரையும் ஒன்றாக உட்காரவைக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கதவை வெளிப்பக்கமாகத் திருப்பித் தச்சர் வைரவன் மாட்டிவிட்டுப் போனதையும், அதற்காக நீங்கள் நடையிலிருந்த வாஷிங் மெஷினைப் பின்கட்டுக்கு மாற்றியதையும் சொன்னாள். புதுத் தாழ்ப்பாளைச் சின்னத்தாயி கண்ணை மூடிக்கொண்டு திறந்து காட்டும்வரை அவள் கிளம்பவில்லையாம்.

வருஷக் கடைசி மதிப்பீடு நேற்று நடந்தது. ஜூரி என்போம், வெளியிலிருந்து நிபுணர்கள் வருவார்கள். மற்றவர்கள் பளபளப்பான மாதிரிகளை மேஜையில் வைத்திருந்தார்கள். ராஜப்ரியா தன் குழுவோடு ப்ளைவுட் பாத்ரூமைத் தூக்கிவந்து நடு அறையில் வைத்தாள். முதலில் பழைய கதவைத்தான் காட்டினாள். வந்திருந்தவர்களில் ஒருவரைக் கேட்டு, உள்ளே படுக்கவைத்து, வெளியிலிருந்து தள்ளினாள். "முதல் தடவை நாங்கள் செய்தது இது. இதனால் ஒருவர் விழுந்து கிடந்தபோது அவரிடம் போய்ச்சேர முடியவில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள்.

ஒரு நிபுணர் கேட்டார்: "கடைசியில் நீ செய்தது என்ன? ஒரு கீலை இடம் மாற்றியிருக்கிறாய், ஒரு மரத் தாழ்ப்பாள். இதில் உன் பொருள் எது?" அவள், "தெரியல சார். அவுக இப்பத் தண்ணி குடிக்கிறாக" என்றாள்.

பாஸ் போட்டார்கள். அவ்வளவுதான், பாராட்டு ஒன்றும் இல்லை. பரிசு, சிந்தாத டம்ளர் செய்த இன்னொரு குழுவுக்குப் போனது. அதுவும் நல்ல டம்ளர்தான், குறை சொல்லமாட்டேன். ராஜப்ரியா வேறு துறைக்குப் போகவில்லை. அது போதும் எனக்கு.

நீங்களே கூப்பிட்டதால் உங்கள் வீட்டுக்கு மட்டும் விட்டார்கள். மற்றபடி வீடுகளுக்குப் போகக்கூடாது என்ற உத்தரவு அப்படியேதான் இருக்கிறது. அடுத்த வருஷப் பாடத்திட்டத்தில் கற்பனை முதியவர்தான். நான் இன்னொரு வருஷம் இருப்பேனா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதை உங்களிடம் எதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. அந்தப் புகாரை எழுத உங்களுக்கு முழுக் காரணம் இருந்தது.

சேவுகப்பெருமாள்

*

திருச்சி விமான நிலையம்
6 ஏப்ரல் 2025

சாருக்கு,

விமானம் தாமதம். உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். டாக்சிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன், காரைக்குடி திரும்பும்போது கல்லூரி வாசலில் கொடுத்துவிடுவார்.

உங்கள் முதல்வருக்கு நேற்று எழுதினேன். புகாரைத் திரும்பப் பெறவில்லை, அதில் எழுதியது நடந்ததுதான். ஆனால் வீடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பவேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஒருவரோடு மட்டும் பேசிவிட்டு வரக்கூடாது, வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் இருக்கும்போது போகவேண்டும், கதவிலோ சுவரிலோ எதையாவது மாட்டுவதற்கு முன்னால் என்னைப்போல எங்கோ இருக்கிற மகனையோ மகளையோ கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். நர்ஸ் என்ற முறையில் வருஷத்துக்கு ஒருநாள் வந்து மாணவர்களிடம் பேசவும் சம்மதம் என்றேன். காலையில் பதில் வந்தது. இரண்டு வீடுகளோடு மறுபடி தொடங்கிப் பார்க்கலாம் என்கிறார். நீங்கள் இருப்பதும் போவதும் உங்கள் விருப்பம். இருந்தால் நல்லது.

அப்பா இனிப் பழையபடி நடக்கமாட்டார். மாலையில் ஸ்டேஷன்வரை நடந்துபோய் ராமேஸ்வரம் வண்டி வருவதைப் பார்த்துவிட்டு வருவார், அது இனி இல்லை. அதற்கு யாரைக் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் உங்களை, சில நாள் என்னை. ராஜப்ரியாவை மட்டும் முடியவில்லை. அவள் வந்தால் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு உட்காருகிறார்.

இன்று காலையில் நான் பெட்டியை அடைத்துக்கொண்டிருந்தபோது அவர் பாத்ரூமுக்குள் போனார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நான் வேலையைப் பார்த்தேன். பிறகு பெட்டியை விட்டுவிட்டுக் கதவருகே போய் நின்றேன். உள்ளே தண்ணீர் விழுந்தது, நின்றது. அப்புறம் சத்தமே இல்லை. சின்னத்தாயி என்னைப் பார்த்தாள். தட்டட்டுமா என்று கையால் கேட்டாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. என் கையில் ஸ்பூன் இருந்தது. வார்டில் எத்தனையோ கதவுகளை யோசிக்காமல் திறந்திருக்கிறேன். அந்தக் கதவுக்கு வெளியே நின்ற நேரம்போல எதுவும் எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை.

அவர் வெளியே வந்தார். தாடையில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சவரம் செய்துவிடுகிற ஆள் நாளைதான் வருவார், இவர் தானே செய்துகொண்டிருக்கிறார். மோவாய்க்குக் கீழே வெட்டி ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் முடி அப்படியே நின்றது.

பஞ்சை எடுத்துக்கொண்டு போனேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். தானே வைத்து அழுத்தப் பார்த்தார். கை நடுங்கி இடம் தவறியது, திரும்பவும் தவறியது. நான் ஸ்பூனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை சரியாக வைத்துவிட்டார்.

"என்னத்தா பாத்துக்கிட்டு நிக்கிற? காரு வந்துருச்சா?"

"வந்துருச்சுப்பா."

"அப்பக் கெளம்பு. போயி எறங்குனதும் போன் போடு."

ரேணுகா